பதினெட்டு சென்டிமீட்டர் குறைவு

தொகுஜி ஹொசோயா முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே வேலை பார்த்தவர். தொயோகாவாவில் தையல் இயந்திர உதிரிபாகம் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் பண்டகசாலை அவர் பொறுப்பில் இருந்தது. எட்டாயிரத்து முன்னூறு வகைச் சாமான்கள். எதைக் கேட்டாலும் நாற்பது நொடிக்குள் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

பண்டகசாலைச் சுவரில் இரண்டு சொற்கள் பெரிதாக எழுதியிருந்தன: களைதல், அடுக்குதல். ஜப்பானில் இந்த இரண்டு சொற்களும் இல்லாத தொழிற்சாலைச் சுவர் கிடையாது. காலையில் எல்லோரும் வரிசையில் நின்று அவற்றை ஒரே மூச்சில், ஒரே சொல்லைப்போலச் சொல்லிவிட்டுக் கலைந்து போவார்கள். தொகுஜிக்கு அது பொறுக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்வார்.

"ரெண்டும் ஒண்ணு இல்லப்பா. வேண்டாததை வெளியே போடறது முதல் வேலை. மிச்சத்துக்கு இடம் குறிக்கிறது ரெண்டாவது வேலை. முதல் வேலையைச் செய்யாம ரெண்டாவதுக்குப் போனா, குப்பையை வரிசையா அடுக்கி வெச்சதா ஆகும்."

வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, வடக்கு மூலையில் வைப்பார். முப்பது நாள் அங்கே இருக்கும். யாராவது வந்து 'இது என்னுடையது' என்று கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்காவிட்டால் முப்பத்தோராம் நாள் காலையில் வெளியே போய்விடும்.

வீட்டில் இந்த முறை ஒரு நாளும் நடக்கவில்லை. 1975இல் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். கீழ்த்தளத்தில் ஆறு பாய் விரித்த அறை ஒன்று உண்டு. அது முதல் வாரத்திலேயே அவர் மனைவி கிகுயோவின் கைக்குப் போனது. கடைகளில் பரிசுப் பொருளைச் சுற்றிக் கொடுத்த காகிதங்கள், இஸ்திரி போட்டு மடித்து. அரிசி அப்பள டின்கள். கல்யாண வீடுகளில் கொடுத்த பீங்கான் தட்டுகள், பெட்டி பிரிக்காமல். விருந்தாளிகளுக்கென்று ஆறு ஜோடி மெத்தை. விருந்தாளிகள் வருவது 1998ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மகள் மசூமியின் பள்ளிக்கூடத் தோல்பை. எல்லாவற்றுக்கும் மேலே கம்பளி நூல். பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, ஆவியில் காட்டி நூலை நிமிர்த்தி, உருண்டையாகச் சுற்றி வைப்பாள். அதைக் கொண்டு வேறொன்று பின்னுவாள். சில ஆண்டுகள் கழித்து அதையும் பிரிப்பாள்.

"ஏம்மா, இந்த டின்னெல்லாம் எதுக்கு?" என்பார் தொகுஜி.

"உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க. எடுத்துத் தரேன்."

"எனக்கு எதுவும் வேணாம். எதுக்குன்னு கேக்கறேன்."

"வேணாம்னா ஏன் கேக்கறீங்க?"

ஒருமுறை அவளைச் சோதிப்பதற்காகத் திடீரென்று வளைந்த நகவெட்டி கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கிகுயோ எழுந்து போய், மூன்றாவது அடுக்கில் ஒரு டின்னைத் தூக்கி, அதற்குப் பின்னால் கைவிட்டு எடுத்து வந்து நீட்டினாள்.

"எத்தனை நொடி?"

"பதினொண்ணு" என்றார் தொகுஜி. பொய் சொல்ல அவருக்கு வராது.

"உங்க கம்பெனியில நாப்பதுன்னு சொன்ன ஞாபகம். வேணும்னா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. வந்து சொல்லித் தரேன்."

ஆனாலும் அந்த அறையின் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு உடம்பில் ஏதோ அரித்தது. நாற்பத்தொரு ஆண்டுகள் அரித்தது.

2016, ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்குக் கிகுயோ அந்த அறையில் ஒரு டின் மூடியை மிதித்து வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது அவளுக்கு எழுபத்து நான்கு வயது, அவருக்கு எழுபத்தேழு. அறுவை சிகிச்சை முடிந்து, நடைப் பயிற்சி தரும் வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி அங்கிருந்து வெளியே வந்தாக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. மாடிப்படி இனி ஏற முடியாது. கீழே கட்டில் போட இடம் இருந்தால் வீடு. இல்லாவிட்டால் முதியோர் இல்லம்.

முதியோர் பராமரிப்புத் திட்டத்தின் சார்பில் அவர்களைக் கவனித்துக்கொண்டவர் ஓதாகே என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கையில் எப்போதும் ஓர் அளவு நாடா. தொகுஜி அவரிடம் பத்து நாள் தவணை கேட்டு வாங்கினார். ஆறு பாய் அறையில் சுவரோடு சுவராக இரும்பு அடுக்குப் பலகைகள் நிறுத்தினார். ஒரே அளவில் ஐம்பத்திரண்டு பெட்டிகள் வாங்கி, சாமான்களை வகை பிரித்து நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுச் சீட்டு ஒட்டினார். ஒன்றையும் வெளியே போடவில்லை. அவளுக்குக் கொடுத்த மரியாதை அது.

மார்ச் 11ஆம் தேதி ஓதாகே வந்து அளந்தார்.

"ரொம்ப அழகா அடுக்கியிருக்கீங்க. கடை மாதிரி இருக்கு."

"போதுமா?"

"கட்டிலுக்குப் பக்கத்துல சக்கர நாற்காலி போக எண்பது சென்டிமீட்டர் வேணும். இங்க அறுபத்திரண்டு இருக்கு. பதினெட்டு குறையுது, ஹொசோயா-சான்."

தொகுஜி தம் நாடாவை எடுத்து இன்னொரு முறை அளந்தார். அறுபத்திரண்டுதான்.

மூன்று நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனபோது கிகுயோ இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் பன்னிரண்டு அடி. முதல் வாரம் இரண்டு அடிக்கே அழுதவள். பயிற்சி தரும் பெண்ணிடம் கணக்கு சொல்லிக்கொண்டே நடந்தாள். இந்த நாலு அடி வைத்தால் அடுக்குப் பலகை. அடுத்த இரண்டு வைத்தால் சாம்பல் நிற நூல். அதைக் கொண்டு பேரனுக்குக் கையுறை பின்ன வேண்டும்.

"கட்டில் போட இடம் பத்தலையாம்" என்றார் தொகுஜி.

"பத்தாம என்ன? ஒழிச்சு வைங்க. நான் வரதுக்குள்ள அந்த அறையை ஒழிச்சு வெச்சிடுங்க."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? பாதி செஞ்சு பாதியை விட்டு வெச்சா, வந்து நான்தான் முட்டிக்கணும். செஞ்சா முழுசா செய்ங்க."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"மனுஷன் வீட்டு வேலை செய்யறதுக்கு எழுதி வேற தரணுமாக்கும்" என்றாள் கிகுயோ பயிற்சிப் பெண்ணைப் பார்த்து. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தொகுஜி குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மார்ச் 14, மாலை மூன்று இருபத்தைந்து. ஆறு பாய் அறையை முழுவதும் ஒழித்து வைக்கச் சொன்னாள்.

அவர்கள் பேச்சில் ஒழித்து வைப்பது என்பது அடுக்குவது, களைவது இரண்டுக்கும் பொது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பதும் ஒழிப்பதுதான், செத்தவர் வீட்டைத் துடைத்துக் காலி செய்வதும் ஒழிப்பதுதான். சொல்கிறவர் யார் என்பதை வைத்துப் பொருள் கொள்ளவேண்டும். கிகுயோ சொன்னால் என்ன பொருள் என்பது அவளோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குத் தொகுஜியின் காதில் விழுந்தது பண்டகசாலைச் சுவரின் முதல் சொல். வேண்டுமென்றே அப்படிக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று பிற்பாடு அவரே பல நாள் யோசித்துப் பார்த்தார்.

சிபாவில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னார்.

"அம்மாவா? அம்மாவா அப்படிச் சொன்னாங்க?"

"சொன்னா. எழுதி வெச்சிருக்கேன்."

"நான் இருபது வருஷமா கெஞ்சினேன். ஒரு தயிர் டப்பாவைக்கூடத் தூக்கிப்போட விடல. எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுடுங்கப்பா."

"ரெண்டு தடவை கேட்டாச்சு."

கட்டில் வரப் பதினேழு நாள் இருந்தது. முப்பது நாள் வைத்துப் பார்க்கக் காலமும் இல்லை, மூலையும் இல்லை. எரியும் குப்பைக்குச் செவ்வாயும் வெள்ளியும். காகிதமும் துணியும் மாதத்தின் நான்காவது புதன். பீங்கான், தகரம் தனித் தனி நாள். எந்த நாளையும் அவர் தவறவிடவில்லை. காகிதத்தைக் கட்டுக்கட்டாக, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் கட்டினார். வெளியே போன ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் ஏற்றினார். வேலை செய்யச் செய்ய உடம்பு இளகியது. இரண்டாம் வாரம் தமக்குப் பசி எடுப்பதையும், காலையில் எழுந்தவுடன் கீழே இறங்கக் கால் பரபரப்பதையும் கவனித்தார். அதை எழுதி வைக்கவில்லை.

குப்பை வைக்கும் இடத்தைக் கவனிக்கும் முறை அந்த மாதம் எதிர்வீட்டு நோஜிமா அம்மாளுக்கு.

"ஹொசோயா-சான், நாலாவது நடை. ஒரு விஷயம் கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"கிகுயோ-சான் நல்லாத்தானே இருக்காங்க?"

"இருக்கா. பன்னிரண்டு அடி நடக்கறா. ரெண்டாம் தேதி வரா."

"அப்பாடி. மூட்டையெல்லாம் பார்த்து நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். எங்க மாமியார் போனப்பதான் நாங்க இப்படி ஏத்தினோம்." பிறகு ஒரு பைக்குள் எட்டிப் பார்த்தார். "இது கம்பளி நூல் இல்ல? நல்லாயிருக்கே. கேட்டீங்களா அவங்களை?"

"அவதான் சொன்னா."

நோஜிமா அம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காக்கை கொத்தாமல் இருக்க, வலையை இழுத்து மூட்டையின் மேல் போட்டார்.

மார்ச் 31ஆம் தேதி கட்டில் வந்தது. அறையில் கட்டில், ஒரு விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கட்டிலின் ஒரு பக்கம் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் இடம். சக்கர நாற்காலி உள்ளே வந்து ஒரு முழு வட்டம் திரும்பலாம். தொகுஜி பாய்களைத் துடைத்தார். இரும்பு அடுக்குகளையும் கழற்றி அனுப்பிவிட்டார். வைக்க ஒன்றும் இல்லாதபோது அடுக்கு எதற்கு?

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிகுயோ வந்தாள். நாற்காலியை ஓதாகே தள்ளிவந்தார். அறை வாசலில் நாற்காலி நின்றது. கிகுயோ உள்ளே பார்த்தாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"என்னத்தை?"

"சாமானை. மாடியிலயா?"

ஓதாகே நாற்காலியின் பூட்டைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"மசூமியப்பா. எங்க வெச்சிருக்கீங்கன்னு கேக்கறேன்."

"நீதான சொன்ன. முழுசா ஒழிக்கச் சொன்ன. எழுதி வெச்சிருக்கேன்."

"ஒழிச்சு வைங்கன்னு சொன்னேன்" என்றாள் கிகுயோ. குரலை உயர்த்தவில்லை. "ஒழிச்சுக் கட்டச் சொல்லல."

தொகுஜி குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"என்னென்ன போச்சுன்னும் இருக்கு" என்றார். "ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

"படிங்க."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தார். பீங்கான் தட்டு, ஐந்து கொண்ட பெட்டி, பதினான்கு. தகர டின், நூற்று ஆறு. மெத்தை, ஆறு ஜோடி. கம்பளி நூல் உருண்டை, அறுபத்து மூன்று. அதில் சாம்பல் நிறம் ஒன்பது, நீலம் பதினொன்று.

"ஒன்பது இல்ல" என்றாள் கிகுயோ. "உங்க அம்மா போட்டிருந்தது நாலு. மசூமி ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தப்போ பின்னினது ரெண்டு. உங்க கம்பெனியில தீ பிடிச்ச அன்னிக்கு நீங்க போட்டிருந்தது மூணு. எல்லாத்தையும் சேர்த்து ஒன்பதுன்னா எழுதினீங்க?"

"நிறம் ஒண்ணுதானே."

கிகுயோ ஓதாகேயிடம் திரும்பி, "எவ்வளவு குறையுதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பதினெட்டு சென்டிமீட்டர்" என்றார் ஓதாகே மெதுவாக.

கிகுயோ வலது கையை மடியில் வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தாள். சிறிய கை. அவளுடைய ஒரு சாண் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. அந்தச் சாணைப் பார்த்தாள். பிறகு அறையைப் பார்த்தாள்.

"என்னைப் படுக்க வைங்க" என்றாள்.

அவள் தொகுஜியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். விழுந்ததே அந்த டின் மூடியில்தான் என்று சொல்லியிருப்பார். சொல்ல வாய்ப்பே வரவில்லை. சோறு கொடுத்தால் பாதி சாப்பிட்டாள். மிசோ சாற்றைக் குடித்தாள். குளிப்பாட்ட வருகிற பெண்ணிடம் நன்றி சொன்னாள். நடக்க மட்டும் மறுத்தாள். வாரத்துக்கு இரண்டு முறை பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். ஏப்ரலில் ஒன்பது அடி. மே மாதத்தில் நாலு.

"கிகுயோ-சான், ஆஸ்பத்திரியில பன்னிரண்டு அடி வெச்சீங்களாமே. எழுதியிருக்கு பாருங்க."

"வெச்சேன்."

"இங்க கம்பி இருக்கு, இடம் இருக்கு. அதைவிட வசதி."

"எழுந்து போய் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள் கிகுயோ. கோபமில்லாமல், தெரிந்துகொள்ள விரும்பியவள்போலக் கேட்டாள். பயிற்சியாளர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்குப் போய்விட்டார்.

தொகுஜி தம்மால் ஆனதைச் செய்தார். பழைய துணிக் கடைகளில் தேடினார். மறுசுழற்சிக்குப் போன துணி எங்கே போகும் என்று நகராட்சியில் விசாரித்தார். அரைத்துப் பஞ்சாக்கிவிடுவார்கள் என்று அங்கிருந்த பெண் பணிவாகச் சொன்னார். பேரனின் பழைய ஸ்வெட்டர் ஒன்றை மசூமி தபாலில் அனுப்பினாள். கடையில் வாங்கியது. பிரிக்க நுனியே கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் அறுந்தது. கிகுயோ அதைக் கால்மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

ஜூனில் வயிறு சரியில்லை. ஜூலையில் முதுகில் புண். சுற்றிலும் இத்தனை இடம் இருந்தும் அவள் கட்டிலின் ஒரே பக்கமாகப் படுத்திருந்தாள். ஒருவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று திட்டத்தார் கணிக்கும் பராமரிப்பு நிலை அவளுக்கு இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்தது. மூன்று என்றால் நகரின் வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பிக்கலாம். யாரோ இறந்து ஓர் இடம் காலியானது.

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று ஓதாகே கிகுயோவைக் கேட்டார்.

"எங்க இருந்தாலும் கட்டில்தானே."

"வீட்டிலிருந்து ஆசையான பொருள் எதுவும் கொண்டுவரலாம். சின்ன அலமாரிகூடக் கொண்டுவரலாம்."

கிகுயோ கொஞ்சம் யோசித்தாள். "இல்ல" என்றாள். ஓதாகே படிவத்தில் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 9ஆம் தேதி அவளைக் கொண்டுபோய் விட்டார்கள். தொகுஜி செவ்வாயும் வெள்ளியும் பேருந்தில் போய் வந்தார். ஒரு வழிக்கு ஐம்பத்தைந்து நிமிடம். கிகுயோ அவரை அடையாளம் தெரிந்துகொண்டாள். மழையைப் பற்றியும், அங்கே சோறு குழைவாக இருப்பதைப் பற்றியும் பேசினாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்டோபரில் அவர் ஓதாகேயை வீட்டுக்கு வரச் சொன்னார். தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டார்.

"அங்க என்னையும் சேர்த்துக்க முடியுமா? அவ அறையிலேயே வேண்டாம். அதே மாடியில போதும்."

"ஹொசோயா-சான், அதுக்கு மூணாவது நிலை வேணும். உங்களுக்கு ஒண்ணுகூட வராது."

"வயசு எழுபத்தேழு. தனி ஆள்."

"மூட்டெல்லாம் நல்லாயிருக்கு. மறதி இல்ல. சமைக்கறீங்க, துவைக்கறீங்க."

"வீட்டைப் பாருங்களேன். விழுந்துட்டா யார் இருக்கா?"

ஓதாகே அவரைச் சங்கடத்தோடு பார்த்தார். ஆனாலும் கேட்டுக்கொண்டபடி எழுந்து, முறைப்படி ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். கூடம், சமையலறை, மாடிப்படி. கடைசியாக ஆறு பாய் அறை. வாடகைக் கட்டிலைத் திரும்ப எடுத்துப் போயிருந்தார்கள். தொகுஜி வாசலிலேயே நின்றுகொண்டார். ஓதாகே படிவத்தில் வரிசையாகக் குறி போட்டார்.

"தடுக்கி விழற மாதிரி ஒண்ணுமே இல்ல" என்றார். "எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்லயே பத்திரமான வீடு இதுதான். நீங்க இன்னும் பத்து வருஷம் இங்கயே இருக்கலாம்."

தொகுஜி தலை குனிந்து நன்றி சொன்னார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை ஓதாகே விரல் வைத்துக் காட்ட, போட்டுக் கொடுத்தார்.